கைமாத்துப் பாடு

என் புருஷனுக்குச் சுறா என்று பெயர் வைத்தவர்கள் எங்கள் ஏரியைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் வைத்திருக்க மாட்டார்கள். பழவேற்காடு ஏரியில் எங்கள் குப்பத்து ஆட்கள் வலை கட்டுகிற இடத்தில் தண்ணீர் மார்பளவு வந்தாலே அதிகம். அதில் தீனா பிடிப்பது இறால், கொஞ்சம் மடவை, கொஞ்சம் நண்டு. சுறாவை அவர் பார்த்ததெல்லாம் பஜாரில், துண்டு போட்ட பிறகுதான்.

ஆனால் சென்னையில் கோரமண்டல் டார்ட்ஸ் லீக் என்று ஒன்றை ஆரம்பித்தவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. அணியின் பெயர் சென்னை சுறாக்கள். நீலச் சட்டை, முதுகில் பல்லைக் காட்டுகிற மீன். தீனா மேடையேறும்போது தோளில் ஒரு வலையைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது மீன் வலைகூட இல்லை, வாலிபால் ஆடுகிற இடத்தில் கட்டுகிற வலை. அதைச் சுமந்துகொண்டு கலர் விளக்குக்கு நடுவே அவர் கூச்சத்தோடு நடந்து வந்ததை நான் ஃபோனில் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் கொஞ்சம் தூக்கல்.

டார்ட்ஸ் என்றால் சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் சின்ன அம்பை எறிகிற ஆட்டம். ஐநூற்றொன்றில் ஆரம்பித்து, குத்துகிற எண்ணைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அதுவும் கடைசி அம்பு ஓரத்தில் இருக்கிற ஒல்லி வளையத்தில்தான் குத்த வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் தீனா சென்னையில் ஒரு கிளப்பில் சர்வராக இருந்தார். மதியம் ஆள் வராத நேரத்தில் அங்கே மாட்டியிருந்த பலகையில் எறிந்து எறிந்து கை பழகிவிட்டது. மீனவனின் கை, மீனவனின் கண் என்று லீக்காரர்கள் மைக்கில் கத்தியதெல்லாம் சும்மா. அது எச்சில் கிளாஸ் எடுத்த கை.

அந்த வேலையை விட்டு அவர் ஊருக்குத் திரும்பியது என்னைக் கட்டிக்கொள்ளத்தான். என் மேல் ஆசைப்பட்டு என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஆணுக்குத்தான் பாடு உண்டு. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன. நினைத்தவன் நினைத்த இடத்தில் போய் வலை கட்ட முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் கூடிக் கோயில் முன்னால் சீட்டு எடுத்து, எந்த நாளில் யார் எங்கே கட்டுவது என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. சுண்ணாம்புக்குளத்தில் என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் நைனா வேறு எதையும் விசாரிக்கவில்லை.

"மாப்ளைக்குப் பாடு கீதா?"

"கண்ணாலம் ஆனா வரும்."

"அப்போ கண்ணாலத்த முடிச்சிரலாம்."

இப்படியாக என் கழுத்தில் தாலி ஏறியது, அவருக்குப் பாடு வந்தது. இரண்டில் எது பெரிது என்று ஊரில் யாரையும் கேட்டுவிடாதீர்கள்.

பாடு விஷயத்தில் ஒரு பழக்கம் உண்டு. உங்கள் முறை வருகிற அன்று காய்ச்சல், சாவு என்று போக முடியாவிட்டால் அதை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அவர் தன் முறை வரும்போது திருப்பித் தந்துவிடுவார். கைமாத்துப் பாடு என்பார்கள். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வாங்கியவன் செத்துப்போனால் அவன் மகன் கொடுப்பான். எங்கள் ஊர் ஆட்கள் கோயில் வரியில் ஏமாற்றுவார்கள், தராசில் ஏமாற்றுவார்கள், பெண்டாட்டியை ஏமாற்றுவதைச் சொல்லவே வேண்டாம். கைமாத்தாக வாங்கிய பாட்டைத் திருப்பித் தராதவன் என்று ஒருத்தனை மட்டும் நான் பார்த்ததில்லை.

லீக் ஆட்டங்கள் சனி, ஞாயிறுகளில் நடந்தன. அந்த நாட்களில் பாடு விழுந்தால் தீனா அதைத் தன் பெரியப்பா மகன் கங்காதரனுக்குக் கொடுத்துவிட்டுப் பொன்னேரி பஸ் பிடிப்பார். கங்காதரன் மாமா வாரநாளில் தன் முறையைத் திருப்பிக் கொடுப்பார். அது ஒழுங்காகவே நடந்தது. ஒழுங்காக நடக்காதது ஆட்டம்தான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சீசன் முடிவதற்குள் ஒரு தனி ஆட்டமாவது ஜெயித்தவர்களுக்கு அடுத்த வருஷமும் ஒப்பந்தம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். மாதச் சம்பளம், சென்னையில் தங்க வீடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற முகத்துவாரம் வருஷா வருஷம் மண் அடித்துத் தூர்ந்துகொண்டே போகிறது. கடல் தண்ணீர் வந்தால்தான் இறால் வரும். வெறும் வலையை அலசிக் காயப்போடுவதற்காகவா நான் சுண்ணாம்புக்குளத்திலிருந்து இங்கே வந்தேன்? எப்படியாவது இங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஒரே ஒரு ஆட்டம். உலகத்தில் யாருக்கும் கிடைக்காததையா கேட்டேன்?

ஐநூற்றொன்றை அவர் மளமளவென்று இறக்கிவிடுவார். எதிராளி பாதிவழியில் இருக்கும்போதே இவர் கடைசி வளையத்துக்கு வந்து நிற்பார். அங்கே கை நின்றுவிடும். ஒன்று வளையத்துக்கு வெளியே போகும், இல்லை உள்ளே விழும். எதிராளி நிதானமாக இறங்கி வந்து, பக்கத்தில் நின்று, முடித்துவிட்டுப் போவான். ஒவ்வொரு தடவையும் இதே கதை. ஃபோனை விட்டெறியலாம் போலிருக்கும். இரவல் ஃபோன் என்பதால் விட்டெறியவில்லை.

"கடசி அம்புக்கு இன்னாதான் ஆவுது உனக்கு?" என்று கேட்டேன்.

"அவன் பக்கத்துல நின்னுக்கினு பாக்கறான். அவன் மூஞ்சியப் பாத்தா பாவமா கீது."

"பாவமா? அவனா உனக்குச் சோறு போடறான்?"

தீனா எழுந்து போய் வலையில் சிக்கெடுக்க ஆரம்பித்தார்.

அணியில் ஒரு ஆட்டமும் ஜெயிக்காதவர் இன்னொருவரும் இருந்தார். ராபர்ட். ராயபுரத்து எலெக்ட்ரீஷியன், தீனாவைவிட ரொம்ப மூத்தவர். வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை. தோற்றவர்களை ஒன்றாகப் போட்டுவிட்டால் மற்றவர்களுக்குத் தொற்றாது என்று மேனேஜர் பிரபாகரன் நினைத்திருக்கலாம். ராபர்ட்டின் மகள் பிரின்சி சென்னையில் நடக்கிற எல்லா ஆட்டத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்காருவாள் என்றும், அவர் தோற்றதும் யாருக்கும் தெரியாமல் எழுந்து வெளியே போய்விடுவாள் என்றும் தீனா சொல்வார். மகள் எழுந்து போகிறதைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் வியர்வையைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொள்வாராம்.

கடைசி லீக் ஆட்டத்துக்குத் தேதி வந்தபோதுதான் இடி விழுந்தது. அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஊரில் சீட்டு எடுக்கிற நாள்.

கங்காதரன் மாமா வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை.

"சீட்டு எடுக்கறன்னிக்கு ஆள் நேர்ல நிக்கணும்டா. பாட்டைக் கைமாத்தலாம், சீட்டைக் கைமாத்த முடியாது. நிக்கலன்னா பேர எடுத்துருவாங்க. எடுத்த பேர மறுபடி சேக்கணும்னா ஒரு எடம் காலியாவணும். உனக்கு முன்னால புதுமாப்ளைங்க வரிசையா நிக்கறானுங்க."

"தெரியும்ணா."

"தெரிஞ்சா இங்க இரு. அந்த ஊசி எறியற ஆட்டமெல்லாம் நமக்கு வோணாம்."

தீனா என்னைப் பார்த்தார். நான் போகச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கடைசி ஆட்டத்தில் எதிரணியில் இவருக்கு ஜோடியாகப் போட்டிருந்தவன் சீசன் முழுக்க உதை வாங்கியவன். அவனை ஜெயிக்க முடியாதென்றால் பிறகு யாரை ஜெயிப்பது? "போய் ஒரே ஒரு தபா ஜெயிச்சிட்டு வா" என்றேன். "சீட்டாண்ட நான் போய் நிக்கறேன்."

"பொம்பளைங்கள விட மாட்டாங்க."

"வுடாம இன்னா, அடிச்சிருவாங்களா?"

அடிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. அன்று காலை புதுப்புடவை கட்டிக்கொண்டு கோயில் முன்னால் போய் நின்றேன். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தீனாவின் பெயரைக் கூப்பிட்டபோது, "அவுரு ஆட்டத்துக்குப் போயிருக்காரு, அவுரு சார்பா நான் எடுக்கறேன்" என்றேன். ஊர்த் தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் கங்காதரன் மாமாவைப் பார்த்து, "உந்தம்பி பொண்டாட்டிய வூட்டுக்கு அனுப்பு" என்றார். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். தீனாவின் இடம் போன மாதம் கல்யாணமான ஒரு பையனுக்குப் போனது. அவன் சீட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் பெண்டாட்டியும் என்னை மாதிரிப் பாடு வரும் என்று கட்டிக்கொடுக்கப்பட்டவள்தான்.

வீட்டுக்கு வந்தேன். போனது போகட்டும், சாயங்காலம் ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டால் இந்த ஊரும் வேண்டாம், இவர்கள் சீட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேன். ஃபோனைச் சார்ஜில் போட்டபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விளக்கெல்லாம் சுழன்றது. மைக்கில் கத்தினார்கள். நான் அந்த வாலிபால் வலையைத் தேடிக்கொண்டிருந்தேன். மேடைக்கு வந்தது ராபர்ட்.

முதலில் வரிசை மாறியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எதிரே நின்றவன் தீனாவின் ஜோடி. உதை வாங்குகிறவன். ராபர்ட் கோணலாக எறிந்தார், அவன் அதைவிடக் கோணலாக எறிந்தான். ரொம்ப நேரம் இரண்டு பேரும் கடைசி வளையத்தைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ராபர்ட்டின் அம்பு எப்படியோ போய்க் குத்திவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, வெளியே போகாமல், அங்கேயே நின்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிரின்சியாகத்தான் இருக்க வேண்டும். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தீனாவைக் கேமரா ஒரு நொடி காட்டியது. அந்த மனிதர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஆடியவர்கள் தோற்றார்கள். சுறாக்கள் அணி அரையிறுதிக்குப் போகவில்லை. சீசன் அங்கேயே முடிந்தது.

மறுநாள் மதிய பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். நான் சோறு போடவில்லை. வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"ஏன் நீ ஆடல?"

"ராபர்ட்டண்ணன் கேட்டாரு."

"இன்னானு?"

"'இன்னிக்கு லிஸ்ட்ல என் பேர் இல்ல தம்பி. என் பொண்ணு முன்னால நான் ஆடறேன், நீ அரையிறுதில ஆடிக்கோ'னு கேட்டாரு. பிரபாகரன் சாரும் சரின்னாரு. அதான் குடுத்தேன். அடுத்த ஆட்டத்துல அவுரு எனக்குக் குடுத்திருப்பாரு."

"அடுத்த ஆட்டம் எங்க?"

"தோப்போம்னு நமக்குத் தெரியுமா?"

நான் கத்தியது பழவேற்காடு பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். ஊரில் இருந்த பாட்டை ஒரு ஆட்டத்துக்காக விட்டுவிட்டுப் போனவர், அங்கே போய் அந்த ஆட்டத்தையும் கைமாத்தாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எவனாவது இப்படிச் செய்வானா? எங்கள் ஏரிக்காரனைத் தவிர வேறு எவனும் செய்யமாட்டான். இங்கே கொடுத்தது திரும்பி வரும். நாளைக்கு என்று ஒன்று இருக்கிறதா என்று ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான். தண்ணீர் எங்கே போய்விடும்? ஆனால் அங்கே நாளைக்கு என்பதையே ஜெயித்துத்தான் வாங்க வேண்டும். அது இவருக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

ஒப்பந்தம் ராபர்ட்டுக்குக் கிடைத்தது. தீனாவுக்கு இல்லை. மேனேஜரைப் பார்த்துக் கேட்கச் சொல்லி நானே அவரைச் சென்னைக்குத் துரத்தினேன். போனார். அன்றைக்கு ராபர்ட்டை ஆடவிட்டு நீங்கள் ஏன் ஒதுங்கினீர்கள் என்று பிரபாகரன் கேட்டாராம்.

"எம்பாட்டை அவருக்குக் குடுத்தேன் சார்."

"உங்க கஷ்டத்த எதுக்குங்க அவருக்குக் குடுக்கறீங்க?" என்று அவர் சிரித்தாராம். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்களாம். பாடு என்றால் அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். இவர் ஏரியையும் சீட்டையும் கைமாத்தையும் விளக்க ஆரம்பித்திருக்கிறார். பாதியில் அந்த ஆளுக்கு ஃபோன் வந்துவிட்டது.

அன்றைக்கு ஊர் வந்தவர் நீலச் சட்டையைக் கழற்றிப் படகு துடைக்கப் போட்டுவிட்டார். அதன் பிறகு கங்காதரன் மாமாவின் வலைக்குக் கூலியாக இறங்கினார். முன்பு தன் முறையில் தானே வலை கட்டிய இடத்திலேயே இன்னொருத்தன் வலைக்குக் கம்பு பிடித்தார். மாமா நல்ல மாதிரி, சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் ஏரியைப் பற்றி எதையாவது கேட்டால் இரண்டு பேரும் சரிக்குச் சரியாகச் சண்டை போடுவார்கள். இப்போது மாமா சொல்வார், இவர் செய்வார்.

அடுத்த சீசன் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ராபர்ட் வந்தார். பஸ்ஸில் வந்து, வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறார். கையில் ஆப்பிள் பை. திட்ட வேண்டும் என்று ஒரு வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அந்த ஆளின் முகத்தைப் பார்த்ததும் காணாமல் போய்விட்டன. தோற்றபோது இருந்ததைவிட ஜெயித்த பிறகு இன்னும் வாடியிருந்தார்.

தீனா கரையில் வலையை மடித்துக்கொண்டிருந்தார். அங்கேயே அழைத்துப் போனேன்.

"மேனேஜராண்ட கேட்டுப் பாத்தேன் தம்பி" என்றார் ராபர்ட். "மொத ஆட்டம் என் எடத்துல தீனா ஆடட்டும்னேன். கான்ட்ராக்ட் உங்க பேர்ல கீது, வேற ஆள வுட முடியாதுன்ட்டான். நான் வேணா வெலகிக்கறேன்னேன். நீங்க வெலகினா வேற ஆளப் போடுவோம், அவர இல்லன்னான். இன்னா பண்றதுனு தெரில."

"பரவால்லண்ணா. கேட்டீங்களே, அதுவே போதும்."

"எப்படித் தம்பி போதும்? எம்பொண்ணு நான் ஜெயிச்ச வீடியோவ தெனம் பாக்குது. நான் பாக்கறதில்ல."

தீனா ஒரு ஆப்பிளை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

"தங்கச்சி, இங்க வந்து கேட்டப்பறம்தான் எனக்குப் புரியுது" என்று ராபர்ட் என் பக்கம் திரும்பினார். "வழில டீக்கடைக்காரர் சொன்னாரு, இந்த ஊர்ல ஒருத்தர் பாட்டை ஒருத்தர் வாங்கிக்கலாம்னு. அப்போ இங்க யாராச்சும் தம்பிக்கு ஒண்ணு குடுக்கலாமில்ல? நாலு தபா எறங்கினா கொஞ்சம் தெம்பாயிடுவான். அப்புறமா திருப்பிக் குடுத்துட்டுப் போறான்."

நான் தீனாவைப் பார்த்தேன். ஒரு வருஷத்தில் எனக்கே அது தோன்றியிருக்கிறது. இவர் எத்தனை தடவை கொடுத்திருக்கிறார், யாராவது ஒருத்தர் கொடுக்கக் கூடாதா என்று கங்காதரன் மாமாவிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். மாமா அப்போது தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

தீனா வலையை மடிப்பதை நிறுத்தவில்லை. "குடுக்க மாட்டாங்கண்ணா" என்றார், கோபமே இல்லாமல். "பாடு இருக்கறவனுக்குத்தான் பாடு குடுப்பாங்க. திருப்பித் தர எங்கிட்ட இன்னா கீது?"

ராபர்ட் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். மாமா படகிலிருந்து கூப்பிட்டார். தீனா வலையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ராபர்ட்டுக்குக் கொடுத்தது தப்பு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் ராபர்ட்டைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.